ஷார்ட் தெருவின் ஒன்பது மாணவியர்

ஆண்டிறுதித் தேர்வுத்தாள்களைத் திருத்தி முடித்த கையோடு இதனை எழுதுகிறேன். எழுதவேண்டும் என்று எண்ணி நெடுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த செய்தி இது.

2016ஆம் ஆண்டில் மலேசியத் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டு நிறைவை நாடெங்கும் கொண்டாடினோம் அல்லவா? எங்கள் பள்ளியிலும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு ஓர் அறிவிப்புப் பலகை செய்தோம். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது, பள்ளியை நிறுவிய பாதிரியார் ஹட்சிங்ஸ், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், தோட்டப்பள்ளிகள் என்று வண்ணத்தாளில் எழுதி ஒட்டினோம். வேலை முடிந்து பசையும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்துக்கொண்டிருந்த வேளையில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். “டீச்சர், அந்த மொத வகுப்புல பொண்ணுங்க இருந்தாங்களா?”

ஃபிரீ ஸ்கூல் ஆண்பிள்ளைகளின் பள்ளி என்பது எனக்குத் தெரியும். ஆகவே, “இல்லை அம்மா” என்றேன். “அப்போ பொண்ணுங்க எப்போ பள்ளிக்கூடம் போனாங்க?” என்று அடுத்த கேள்வி வந்தது. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழ்க்கல்வி வரலாற்றைப் படித்துத் தேர்வும் எழுதியவள். அக்குறிப்பேட்டை வீட்டில் மீண்டும் புரட்டியபோது, தொடக்க நூறாண்டுப் பகுதியில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

தேடல் என்னைச் சிங்கப்பூருக்கு இட்டுச் சென்றது. இது அயல்நாட்டுக் கதையாயிற்றே என்று எண்ண வேண்டா. 1826 முதல் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் ஒரே நீரிணைக் குடியேற்ற ஆட்சியின் கீழ் இருந்தவை. அங்கே, சிலிகி சாலையை ஒட்டிய ஷார்ட் தெருவில் ஒரு கடைவீட்டில் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. மாணவியர் ஒன்பது பேர். பள்ளியின் பெயர் ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’. அதனைத் தொடங்கியவர் ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி. அவரை அனுப்பியதோ அமெரிக்கக் கிறிஸ்துவப் பெண்களின் சங்கம் ஒன்று. ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை பலகையைக் கையில் எடுக்க ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் ஏன் வரவேண்டியிருந்தது? இக்கேள்விக்கு விடை காண, 1869ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் போஸ்டன் நகருக்குப் போகவேண்டும்.

அன்று அந்நகரில் புயல்மழை. டிரெமான்ட் தெரு மெத்தடிஸ்டு தேவாலயத்தில் ஒரு மகளிர் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. மழையைப் பொருட்படுத்தாமல் வந்து சேர்ந்த பெண்களை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பேசியவர்கள் இருவர். கிளெமென்டினா பட்லர், லோயிஸ் பார்க்கர். இருவரும் வட இந்தியாவில் ஊழியம் செய்த போதகர்களின் மனைவியர். அங்கே உயர்குடிப் பெண்கள் ‘செனானா’ எனப்படும் அந்தப்புரத்துள் அடைபட்டிருப்பதையும், அயல் ஆடவர் எவரும் அவர்களைப் பார்க்கவோ அவர்களுக்குக் கற்பிக்கவோ மருத்துவம் செய்யவோ இயலாமையையும் அவர்கள் எடுத்துரைத்தனர். பெண்கள்தாம் அங்கே போகமுடியும், பெண்களை அனுப்பப் பெண்களின் சங்கமே வேண்டும் என்பது அவர்கள்தம் வாதம். அன்று உருவானதுதான் மெத்தடிஸ்டு எபிஸ்கோப்பல் திருச்சபையின் மகளிர் அயல்நாட்டு ஊழியச் சங்கம்.

திருச்சபையின் ஆண் நிர்வாகிகளுக்கு இது உவப்பாக இல்லை. தங்களுக்கு வரும் நன்கொடை குறைந்துவிடுமோ என்று அஞ்சினர். எனவே ஒரு நிபந்தனை வைத்தனர். ஆராதனைகளிலும் திருச்சபையின் பொதுக்கூட்டங்களிலும் மகளிர் சங்கம் காணிக்கை திரட்டக்கூடாது! பெண்கள் சளைக்கவில்லை. வாரத்திற்கு இரண்டு சென்ட், ஆண்டிற்கு ஒரு டாலர் என்று சந்தா வைத்தார்கள். அடுக்களைச் செலவில் மிச்சம் பிடித்த சில்லறை உண்டியலில் சேர்ந்தது. நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பணம் திரட்ட அலைந்தவர்களுக்கு அந்த இரண்டு சென்டின் அருமை புரியும். அவ்வாண்டு நவம்பரிலேயே இரு பெண்களைக் கப்பலேற்றிவிட்டனர்.

ஒருவர் இசபெல்லா தோபர்ன். 1870 ஏப்ரலில் லக்னோவின் அமினாபாத் கடைத்தெருவில் ஆறு சிறுமியரோடு பள்ளி தொடங்கினார். கலகக்காரர் எவரும் நுழையாதபடி வாசலில் ஓர் இளைஞனைத் தடியோடு நிறுத்தி வைத்தாராம். அப்பள்ளியே பின்னர் வளர்ந்து அவர் பெயர் தாங்கிய மகளிர் கல்லூரி ஆயிற்று. மற்றவர் மருத்துவர் கிளாரா சுவேன். பரேலியில் பணியைத் தொடங்கினார். மகளிர் மருத்துவமனை கட்ட இராம்பூர் நவாப்பிடம் நிலம் கேட்கப் போனார்கள். மாளிகையும் தோட்டமுமாய் நாற்பது ஏக்கரை அவர் 1871இல் கொடையாகவே கொடுத்தார். 1874இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஓர் இசுலாமிய மன்னர் கொடுத்த நிலத்தில், கிறிஸ்துவப் பெண் மருத்துவர், இந்துப் பெண்களுக்கும் இசுலாமியப் பெண்களுக்கும் மருத்துவம் பார்த்தார் என்பதைப் படித்தபோது சற்று நேரம் நூலை மூடி வைத்துவிட்டேன்.

இசபெல்லாவின் தமையனார் ஜேம்ஸ் தோபர்ன். 1885இல் இவரும் வில்லியம் ஓல்டாமும் சிங்கப்பூர் வந்து மெத்தடிஸ்டு பணியைத் தொடங்கினர். ஓல்டாம் பெங்களூரில் பிறந்தவர். அடுத்த ஆண்டே அவர் ஆண்பிள்ளைகளுக்கு ஆங்கிலோ சைனீஸ் பள்ளியை நிறுவினார். பெண்பிள்ளைகளுக்கு யார் வருவது? சங்கத்தின் மினியாபொலிஸ் கிளையை நடத்தி வந்த மேரி நிண்ட் அம்மையார், பனி உறைந்த தங்கள் மின்னசோட்டா, நிலநடுக்கோட்டில் ஒரு பணியை நிறுவும் என்று கூறி 3000 டாலருக்குப் பொறுப்பேற்றார். அப்பெரும் தொகைக்குள்ளும் எத்தனையோ இரண்டு சென்ட் அடங்கியிருந்திருக்கும்.

அனுப்பப்பட்டவர் சோஃபியா பிளாக்மோர். 1857இல் நியூ சவுத் வேல்சின் கூல்பர்ன் நகரில் பிறந்தவர். இந்தியாவில் சில மாதம் தங்கிப் பணிகளைப் பார்த்துவிட்டு 1887 ஜூலை 16ஆம் நாள் சிங்கப்பூர் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 29. வந்த ஒரு மாதத்திற்குள் பள்ளி திறந்துவிட்டார் என்றால் அதற்குக் காரணம் அவருடைய சுறுசுறுப்பு மட்டுமன்று. தங்கள் பெண்மக்களுக்குப் பள்ளி வேண்டும் என்று அங்கிருந்த தமிழ்ப் பெரியவர்கள் சிலர் தாமே முன்வந்து கேட்டிருந்தனர். ஷார்ட் தெருவில் இடம் கிடைத்ததும் அவர்கள் வழியாகத்தான்.

ஆசிரிய நண்பர்களே, இச்செய்தியை நான் மீண்டும் மீண்டும் படித்தேன். ‘வெள்ளைக்காரப் பெண்மணி வந்து நம் பெண்களுக்கு எழுத்தறிவித்தார்’ என்றே நான் கதையை எதிர்பார்த்திருந்தேன். கேட்டவர்கள் தமிழ்த் தந்தையர் என்பது அதில் இல்லாத செய்தி. மகளை வெளியில் அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சிய காலத்தில் ஒன்பது வீட்டார் அனுப்பியிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக இருந்தது சீனப் பெரானாக்கான் குடும்பங்களின் நிலை. பருவமடையும் வயதை நெருங்கிய பெண்பிள்ளைகள் திருமணம் வரை வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை. பிளாக்மோர் அம்மையார் மலாய் மொழியைக் கற்றுக்கொண்டு வீடுவீடாக ஏறி இறங்கினார். எங்கள் பெண்கள் சம்பாதிக்கவா போகிறார்கள், எழுத்தும் படிப்பும் எதற்கு என்று தாய்மார் திருப்பி அனுப்பினர். இறுதியில் நோன்யா பூன் என்ற அம்மையார் கிராஸ் தெருவில் இருந்த தம் வீட்டிலேயே இடம் கொடுக்க, 1888இல் இரண்டாவது பள்ளி தொடங்கியது. அதுவே இன்றைய ஃபேர்ஃபீல்டு பள்ளிகளின் தொடக்கம்.

பிளாக்மோர் அம்மையாருக்கு முன்னும் பெண்கள் வந்திருந்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. இலண்டனில் 1834இல் கீழைநாட்டுப் பெண்கல்விக்கென்றே ஒரு மகளிர் சங்கம் உருவாகியிருந்தது. மரியா டையர் அம்மையார் 1842இல் சிங்கப்பூரில் தொடங்கிய பள்ளியை, அச்சங்கத்தின் சோஃபியா குக் 1853 முதல் நாற்பதாண்டுக்கும் மேலாக நடத்தினார். அது இன்றைய செயின்ட் மார்கரெட்ஸ். சிங்கப்பூரில் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வை 1875இல் தொடங்கியவரும் அவரே. பினாங்கு லைட் ஸ்திரீட் கான்வென்டு 1852இல் தொடங்கியது. கத்தோலிக்கக் கன்னியரின் வரலாறு தனியாகவே எழுதத்தக்கது. பிறிதொரு சமயம் பார்ப்போம்.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் ஒருநாள் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். மூத்த ஆசிரியர் ஒருவர் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு, “அவங்க மதம் மாத்த வந்தவங்கதானே டீச்சர்? இதைப் போய் தமிழ்க்கல்வி வரலாறுன்னு சொல்றீங்களே” என்றார். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அவர் கேட்டதில் பொருளில்லை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

ஆம், மதம் மாற்றத்தான் வந்தார்கள். அதனை அவர்கள் மறைத்ததும் இல்லை. அச்சங்கம் 1869இல் தொடங்கிய இதழின் பெயரில், நம்மைப் போன்ற பிறசமயத்தாரைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய இழிசொல் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட பெண்களின் தோழி என்பதே தலைப்பின் பொருள். 1896இல்தான் அச்சொல்லை நீக்கிப் பெயரை மாற்றினார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அச்சொல்லைத் தாங்கி அவ்விதழ் வீடுவீடாகப் போயிருக்கிறது. செனானாவுக்குள் தையற்பெட்டியோடு நுழைந்தவர்களின் மடியில் விவிலியமும் இருந்தது. மகளின் கையில் பாடநூலோடு வேறு என்னென்ன வந்து சேருமோ என்று தாய்மார் அஞ்சியதில் நியாயம் உண்டு.

ஆயினும் அந்த மூத்த ஆசிரியரிடம் நான் ஒன்றைக் கேட்டேன். ஐயா, அவர்கள் வராதிருந்தால் நாம் எப்போது தொடங்கியிருப்போம்? யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடுவிலில் ஹேரியட் வின்ஸ்லோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். பெண்ணைப் படிக்க வைத்தால் யார் கட்டிக்கொள்வார் என்று ஊர் கேட்டது. 1840இல் அங்கு வந்த எலைசா அக்னியூ 1879 வரை அப்பள்ளியின் பொறுப்பில் இருந்தார். ஒருமுறைகூட அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. தாயைப் படிப்பித்து, மகளைப் படிப்பித்து, பேத்தியையும் படிப்பித்தார். அவரிடம் பயின்ற பெண்கள் ஆயிரத்திற்கும் மேல். திருமணம் ஆகாத அவரை ஆயிரம் மகள்களின் தாய் என்று அழைத்தார்கள். 1883இல் யாழ்ப்பாண மண்ணிலேயே மறைந்தார். அப்பெண்களுள் மிகப் பலர் கிறிஸ்துவர் ஆயினர் என்பதும் உண்மையே. சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் தம் கல்லூரியைத் தொடங்கிய ஆண்டு 1913. உடுவிலுக்குப் பக்கத்து ஊர்தான் அது. இடையில் ஓடிய ஆண்டுகள் 89.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. இரயில்வேயிலும் நில அளவைத் துறையிலும் எழுத்தர் வேலைக்காக யாழ்ப்பாணத்தார் மலாயா வந்தனர். அவர்களை மணந்து பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் குடியேறிய பெண்களுள் உடுவில், வேம்படி போன்ற பள்ளிகளில் படித்தவர்களும் இருந்தனர். கடிதம் எழுதத் தெரிந்த பெண்ணாக அவர்கள் கப்பலில் வந்தார்கள்.

என் பாட்டி அப்படி வரவில்லை. தஞ்சை மாவட்டத்திலிருந்து கங்காணியின் பின்னால் வந்த குடும்பம் அவருடையது. ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஐந்து வயதில் ஆயாக்கொட்டகை, பத்து வயதில் காட்டு வேலை. விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் வாசிக்கும்போது தம் பெயரைக் காதால் அறிவார், கண்ணால் அறியார். சம்பள நாளில் கைநாட்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது உண்மைதான். ஆனால் பள்ளிக்குப் போனது பாட்டியின் தம்பி. பாட்டி இடுப்பில் தங்கையைச் சுமந்துகொண்டு பள்ளி வாசலில் நின்று பார்த்திருக்கிறார். இதை அவர் வருத்தத்தோடு சொன்னதில்லை. மழை பெய்தது என்று சொல்வதைப் போலத்தான் சொல்வார்.

மகளிர் சங்கங்களின் மேல் எனக்குள்ள குறை இதுதான். அவர்கள் நகரத்தில் நின்றுவிட்டார்கள். கடைக்காரர், எழுத்தர், ஒப்பந்தக்காரர் வீட்டுப் பெண்களுக்குக் கதவு திறந்தது. தோட்டத்து லயத்துப் பெண்ணின் வாசலுக்கு அவர்கள் வந்தது மிக அரிது. வெள்ளைக்காரத் துரையிடம் அனுமதி பெற்றுத் தோட்டத்திற்குள் நுழையும் வாய்ப்பு, நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இச்சங்கங்களின் வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் கப்பலில் வந்த அம்மையார்கள் அல்லர். ‘பைபிள் உமன்’ என்று அழைக்கப்பட்ட உள்ளூர்ப் பெண்களே வெயிலில் நடந்தார்கள். அவர்களுள் பலர் கைம்பெண்கள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அருகிருந்து எழுத்துக் கூட்டிக் கற்பித்தவர்கள் அவர்கள். ஊதியம் சொற்பம். ஆண்டறிக்கைகளில் அம்மையாருக்குப் பெயர் இருக்கும். இவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாக வருவார்கள்.

ஷார்ட் தெருப் பள்ளிக்குத் திரும்புவோம். நாளடைவில் சீனப் பிள்ளைகளும் யுரேசியப் பிள்ளைகளும் சேர்ந்தனர். ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’ என்ற பெயர் நிலைக்கவில்லை, மெத்தடிஸ்டு பெண்கள் பள்ளி ஆயிற்று. ஆங்கிலமே பயிற்றுமொழியாக நிலைத்தது. பின்னாளில் சோஃபியா குன்றுக்கும், 1992இல் புக்கிட் தீமா பகுதிக்கும் இடம் மாறியது. அங்குள்ள சாலைக்குப் பிளாக்மோரின் பெயர். அம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணியாற்றி ஆஸ்திரேலியா திரும்பி 1945இல் மறைந்தார். இன்று அது சிங்கப்பூரின் பெயர்பெற்ற பெண்கள் பள்ளிகளுள் ஒன்று. தமிழ்த் தந்தையர் கேட்டுத் தொடங்கிய பள்ளியில், மாணவியர் பெருகப் பெருகத் தமிழ் ஒதுங்கியது. இதில் யாரைக் குறை சொல்வது? உடுவிலில் தமிழ் பாடமொழியாக இருந்தமைக்குக் காரணம் அங்கே படித்தவர்கள் எல்லாரும் தமிழ்ப் பெண்கள். சிங்கப்பூர்ச் சந்தையில் எந்த மொழிக்கு விலை அதிகம் என்பதைத் தந்தையரும் அறிந்திருந்தனர். ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டுப் பதிவு நாளில் எங்கள் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, எத்தனை பெயர் வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பவள் நான். ஆகவே இந்தப் பகுதியை மட்டும் ஒரு வரலாற்றாசிரியரின் நிதானத்தோடு என்னால் படிக்க முடியவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் என் சிற்றன்னை மகளோடு அத்தெருவுக்கு ஒருமுறை போனேன். பெயருக்கேற்பக் குட்டையான தெரு. ஐந்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். தமிழ் மெத்தடிஸ்டு தேவாலயம் அங்கே இருக்கிறது. அதுவும் 1887இல் தோன்றிய சபைதான். வாசலில் இருந்த பலகையில் ஆராதனை நேரம் தமிழில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் நிழலில் நின்றோம். என் தங்கை அவசரமாகத் தேக்கா சந்தைக்குப் போகவேண்டும் என்றாள்.

கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியையும் முடித்துவிட்டாள். சென்ற மாதம் நற்சான்றிதழ் நகல் ஒன்று வேண்டி அம்மாவோடு பள்ளிக்கு வந்திருந்தாள். “உனக்கு நான் ஒரு விடை பாக்கி வைத்திருக்கிறேன்” என்றேன். அவளுக்குக் கேள்வியே மறந்துபோயிருந்தது. நினைவூட்டி, ஷார்ட் தெருக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் கணக்கில் கெட்டிக்காரி. 1887இலிருந்து 1816ஐக் கழித்துப் பார்த்தாள்.

“எழுபத்தோரு வருஷமா டீச்சர்?”

“தமிழ்ப் பெண்கள் என்று பெயர் போட்ட பள்ளிக்கு” என்றேன். “கான்வென்டுகளில் அதற்கு முன்பே ஓரிருவர் இருந்திருக்கலாம்.”

அருகில் நின்ற அவளுடைய அம்மா, “எங்கம்மாவும் கைநாட்டுதான் டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே அலுவலகப் பதிவேட்டில் கையொப்பமிட்டார். அழகான கையெழுத்து, தமிழில்.